தாக்குதல் வழக்கும் முதல் வாக்குமூலமும்

கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்களே செய்திகளில் முதலிடம் பெறுகின்றன. ஆனால், சாதாரண மக்கள் பலர் நீதிமன்றப் படியேற நேர்வது வேலித் தகராறு, வீதித் தகராறு, கொடுக்கல் வாங்கல் தகராறு என்று தொடங்கி அடிதடியில் முடிந்த சம்பவங்களினாலேயாகும். நீதித்துறை பற்றி ஒரு குடும்பம் கொள்ளும் அபிப்பிராயம் பெரும்பாலும் அத்தகைய ஒரு வழக்கின் முடிவிலேயே தங்கியுள்ளது.

இத்தகைய வழக்குகளைச் சில்லறை விவகாரங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் போக்குவரத்துத் தகராறு ஒன்றின்போது தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாத ஆரம்பத்தில் வைத்தியசாலையில் உயிரிழந்தார். அது நீதிமன்றத்தில் தீர்க்கப்பட வேண்டிய குற்றச் செயல். ஆயினும் நீதிமன்றத்தின் முடிவுக்குக் காத்திராத கும்பல்கள் திகன உள்ளிட்ட பகுதிகளில் சம்பவத்துடன் எவ்வித தொடர்புமற்ற முஸ்லிம் மக்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்படும் அளவுக்கு நிலைமை சென்றது. தனிநபர் தகராறு இனத் தகராறாக உருவெடுப்பதற்குச் சட்டத்தின் மீதான நம்பிக்கையீனமும் அதனைத் தமக்குச் சாதகமாக்கிக் கொள்வோரும் காரணமாகின்றனர்.

தாக்கப்பட்டவர் முதலில் செல்லுமிடம் பொலிஸ் நிலையம். அங்கிருந்து சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவத்துடன் அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகின்றார். வைத்தியர் காயத்தின் தன்மையைக் குறிப்பிடும் விதம் வழக்கின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவின்படி சாதாரண காயம் விளைவித்தலுக்கு ஒரு வருடம் வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். எலும்போ பல்லோ முறிந்திருந்தால் அது பாரதூரமான காயமாகி, 316ஆம் பிரிவின் கீழ் ஏழு வருடங்கள் வரையிலான தண்டனைக்குரிய குற்றமாகின்றது. ஆயுதம் பயன்படுத்தப்பட்டிருப்பின் குற்றம் மேலும் கடுமையடைகின்றது. கொலை முயற்சியாயின் சட்டமா அதிபரின் குற்றப்பத்திரிகையுடன் மேல் நீதிமன்றத்துக்குச் செல்கின்றது. எனவே, "பெரிய காயமில்லை" என்று வீட்டிலேயே மருந்து கட்டிக்கொண்டு சில நாட்களின் பின்னர் வைத்தியசாலைக்குச் செல்பவர், தமது வழக்கின் முக்கிய சான்றைத் தாமே பலவீனப்படுத்திக் கொள்கின்றார்.

கைது செய்யப்படும் சந்தேகநபர் பொதுவாக 24 மணித்தியாலங்களுக்குள் நீதிவான் முன்னிலையில் ஆஜர்செய்யப்பட வேண்டும். பொலிஸார் 'பி' அறிக்கை மூலம் விடயங்களை மன்றின் கவனத்துக்குக் கொண்டுவருவர். அவர் பிணையில் வெளிவந்ததும், "பணத்தைக் கொடுத்து வெளியே வந்துவிட்டான், வழக்கு முடிந்துவிட்டது" என்று தாக்கப்பட்டவரின் வீட்டார் மனமுடைந்து போவதைக் காண்கின்றோம். இது தவறான எண்ணமாகும். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை வழங்குவதையே பொதுவிதியாகவும் மறுப்பதை விதிவிலக்காகவும் கொள்கின்றது. பிணை விடுதலையல்ல. சாட்சிகளை அச்சுறுத்தினால் அதனை உடனடியாக மன்றின் கவனத்துக்குக் கொண்டுவந்து பிணையை இரத்துச் செய்யுமாறு கோர முடியும்.

எமது மக்கள் மிகவும் கவனம் செலுத்த வேண்டிய விடயம் முதல் வாக்குமூலமாகும். வடக்கு, கிழக்குக்கு வெளியே கொழும்பிலும் மலையகத்திலும் புத்தளத்திலும் தமிழில் கூறப்படும் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படுவதும், அதன் உள்ளடக்கம் விளங்காமலேயே முறைப்பாட்டாளர் கையொப்பமிடுவதும் புதிய விடயங்களல்ல. மாதங்கள் பல கடந்து சாட்சிக் கூண்டில் ஏறும்போதே அதன் விளைவு தெரியவருகின்றது. "பொல்லால் அடித்தார் என்று இன்று கூறுகின்றீர், பொலிஸில் கையால் அடித்தார் என்றல்லவா கூறியிருக்கின்றீர்?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வினவும்போது உண்மையைக் கூறியவரே பொய்யராக நிற்க நேரிடுகின்றது. எழுதியவரின் தவறுக்குச் சாட்சி பலியாகின்றார்.

இதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லாமலில்லை. பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம் அதனை வழங்கியவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். அவருக்கு அம்மொழி தெரியாதெனில் விளங்கும் மொழியில் பெயர்த்துக் கூறப்பட வேண்டும். அதில் விளக்கமளிக்கவோ மேலதிகமாகச் சேர்க்கவோ அவருக்கு உரிமையுண்டு என 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கூறுகின்றது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நீதிமன்றத்தில் அரசின் செலவில் மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையையும் வழங்கியுள்ளது. ஏட்டிலுள்ள இவ்வுரிமைகள் பொலிஸ் நிலையத்தின் மேசையில் கிடைக்காமற் போவதே பிரச்சினையாகும்.

அடுத்த தடை தவணைகள். ஒரு தவணையில் மருத்துவ அறிக்கை வந்திருக்காது, மறு தவணையில் பொலிஸ் அதிகாரி இடமாற்றம் பெற்றிருப்பார், இன்னொரு தவணையில் எதிரியின் சட்டத்தரணி வேறு மன்றில் இருப்பார். தோட்டத் தொழிலாளிக்கோ நாட்கூலிக்கோ மீனவருக்கோ ஒவ்வொரு தவணையும் ஒருநாள் வருமான இழப்பாகும். கண்ணால் கண்ட சாட்சிகளும் மெல்ல ஒதுங்கி விடுவர். இறுதியில் களைத்துப் போகின்றவர் தாக்கியவரல்ல, தாக்கப்பட்டவரே.

இக்களைப்பிலிருந்து பிறக்கும் சமரசத்தையும், மனமொத்து வரும் சமரசத்தையும் நாம் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைகள் அயலவருக்கிடையிலான சிறு தகராறுகளைத் தீர்ப்பதில் நற்பணி ஆற்றுகின்றன. நாளையும் ஒரே கிணற்றடியில், ஒரே சந்தையில் முகம் பார்க்க வேண்டியவர்களுக்குத் தண்டனையை விட இணக்கமே நன்மை தரக்கூடும். ஆனால், பணபலமும் ஆள்பலமும் உள்ளவர் ஊர்ப் பெரியவர்களை அனுப்பி முறைப்பாட்டை வாபஸ் பெறச் செய்வது இணக்கமாகாது. கோவில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் இவ்விடயத்தில் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

குற்றவாளிக்கு விதிக்கப்படும் தண்டப்பணம் அரசுக்கே செல்கின்றது. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வழங்குமாறு கட்டளையிட குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவு மன்றுக்கு அதிகாரம் அளித்துள்ளது. அதனைக் கோர வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் கொண்டுவரப்பட்ட சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் உள்ளது. சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தமிழ்பேசும் மக்கள் வாழும் பிரதேசங்களின் பொலிஸ் நிலையங்கள் அனைத்திலும் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடிய உத்தியோகத்தர் எந்நேரமும் கடமையில் இருப்பதை அரசாங்கம் உறுதிசெய்ய வேண்டும். மருத்துவ அறிக்கைகள் உரிய காலத்தில் மன்றுக்குக் கிடைக்க ஒழுங்கு செய்யப்பட வேண்டும். எமது மக்களும் தமக்கு விளங்காத எழுத்தின் கீழ் கையொப்பமிடுவதை நிறுத்த வேண்டும். வாசித்துக் காட்டுமாறு கேட்பது பொலிஸாரை அவமதிப்பதல்ல, சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்துவதாகும். சட்டத்தின் வழியில் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை தளர்ந்த இடத்தில்தான் பழிவாங்கும் எண்ணம் தலைதூக்குகின்றது. அந்நம்பிக்கையைக் காக்கும் பணி முதல் முறைப்பாடு எழுதப்படும் மேசையிலிருந்தே தொடங்க வேண்டும்.