எஸ்பிரஸ்ஸோ மெஷினும் உப்புத் தண்ணியும்

தமிழ்நாட்டில் எஸ்பிரஸ்ஸோ என்று சொன்னால் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கல்யாண ரிசப்ஷன்தான். மண்டபத்து ஓரத்தில் பளபளவென்று ஒரு மெஷின். 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். சின்ன கப்பில் கப்பை விடப் பெரிய நுரை, அதன் தலையில் ஒரு சிட்டிகை சாக்லேட் பவுடர். எல்லோரும் அதை 'எக்ஸ்பிரஸோ காபி' என்று சொல்லி வரிசையில் நின்று குடித்தார்கள்.

உண்மையில் அதில் எஸ்பிரஸ்ஸோ ஒரு சொட்டு கூட கிடையாது. இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, பால் மூன்றையும் கலந்து நீராவியால் நுரைக்க வைத்த பானம் அது. ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'மெஷின் இருந்தால் போதும், நல்ல காபி தானாக வந்துவிடும்' என்று ஒரு தப்பான பாடத்தை அது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

அந்தப் பாடம் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. திருப்பூரில் மட்டுமில்லை, ஊத்துக்குளி வட்டத்தில் இருக்கும் குன்னத்தூர் மாதிரி சின்ன ஊருக்கும் ஆன்லைனில் மெஷின் வந்து இறங்குகிறது, அதுவும் மாதத் தவணையில். முதல் வாரம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காபி. மூன்றாவது மாதம் 'என்னமோ கசக்குது'. ஆறாவது மாதம் பரண். தவணை மட்டும் பரணுக்குப் போகாமல் மாதாமாதம் வந்து நிற்கும்.

தப்பு மெஷின் மேல் இல்லை. வீட்டில் நல்ல எஸ்பிரஸ்ஸோ என்பது முக்கால்வாசி பராமரிப்பு. அதற்கு மனசு இல்லாதவர்கள் மெஷினே வாங்க வேண்டாம். பித்தளை ஃபில்டரே போதும், அது ஒன்றும் மட்டமில்லை.

அந்த 30 விநாடியில் நடப்பது

இத்தாலியின் டூரின் நகரத்தில் 1884-ல் ஆஞ்சலோ மோரியோண்டோ என்பவர் நீராவியில் ஓடும் காபி மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-ல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸேரா அதை ஒவ்வொரு கப்பாகப் போடும் மெஷினாக மாற்றினார். ஆனால் வெறும் நீராவிக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, 1940-களின் கடைசியில், அக்கில்லே காஜ்ஜா ஸ்பிரிங் வைத்த கைநெம்புகோல் மெஷினைக் கொண்டு வந்தார். மேலே தேன் நிறத்தில் நிற்கும் 'கிரேமா' நுரை அப்போதுதான் வந்தது. 1961-ல் ஃபேமா கம்பெனியின் ஈ61 மெஷின் அந்த அழுத்தத்தை மோட்டார் பம்ப்பிடம் கொடுத்துவிட்டது.

இன்றைக்கும் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். 18 கிராம் தூள், 90 முதல் 96 டிகிரி சூட்டில் தண்ணீர், 9 பார் அழுத்தம். 25 முதல் 30 விநாடிக்குள் சுமார் 36 கிராம் டிகாக்ஷன் இறங்க வேண்டும். ஃபில்டரில் ராத்திரி முழுக்க மெதுவாக இறங்குவதை அரை நிமிடத்தில் இறக்கும் வேலை இது. அதனால்தான் இங்கே சின்னத் தப்பும் பெரிதாகத் தெரியும். தூள் கொஞ்சம் கொரகொரப்பானால் தண்ணீர் சர்ரென்று ஓடிப் புளிக்கும். ரொம்ப நைஸானால் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கும்.

பெட்டியில் '15 பார்', '20 பார்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப் அதிகபட்சமாகத் தரக்கூடிய அழுத்தம். காபிக்கு வேண்டியது அதே 9 தான்.

பி.காம் படிக்காதவர்களுக்கும் புரியும் கணக்கு

மெஷின் விலை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டு கப் வீதம் 5 வருடம் ஓடினால் 3,650 கப். ஒரு கப்புக்கு மெஷின் செலவு சுமார் 11 ரூபாய். காபிக்கொட்டை கிலோ ஆயிரம் ரூபாய் என்றால் 18 கிராமுக்கு 18 ரூபாய். ஆக, பால் சேர்க்காமல் 29 ரூபாய். மோசமில்லை.

அதே மெஷின் ஆறு மாதத்தில் பரண் ஏறினால்? மொத்தமே 365 கப். கப்புக்கு மெஷின் செலவு மட்டும் 110 ரூபாய். காபியின் விலையைத் தீர்மானிப்பது மெஷினின் விலை இல்லை, அது எத்தனை நாள் ஓடுகிறது என்பதுதான். ஆர்டர் வந்தால் ஓவர்டைம், ஆர்டர் இல்லையென்றால் வாரத்தில் மூன்று நாள் வேலை என்று ஓடுகிற பனியன் பகுதியில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

பணம் எங்கே போக வேண்டும்?

பெரும்பாலானவர்கள் மெஷினுக்கு 40,000 கொடுத்துவிட்டு, கொட்டையை மிக்ஸியில் அரைக்கிறார்கள். மிக்ஸி பிளேடு வெட்டுமே தவிர ஒரே அளவாக அரைக்காது. பாதி மாவு, பாதி ரவை. ரவை புளிக்கும், மாவு கசக்கும், ஒரே கப்பில் இரண்டும் வரும். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நசுக்கி அரைக்கும் கிரைண்டர் வேண்டும். கையால் சுற்றுவது கூடப் போதும். மெஷினில் கொஞ்சம் குறைத்துக் கிரைண்டரில் கொஞ்சம் கூட்டினால் கப்பில் வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது கொட்டை. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். கர்நாடகம், கேரளத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிகம் காபி விளைவது இங்கேதான். ஏற்காடு, வால்பாறை, நீலகிரி, பழனி மலை எல்லாமே கொங்கு நாட்டுக்குப் பக்கம். கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கும் காபித்தூள் கடைகளும் இன்னும் இருக்கின்றன. அங்கே போய் வறுத்த கொட்டையாகவே கேட்டு வாங்கலாம். எப்போது வறுத்தது என்றும் கேட்க வேண்டும். வறுத்து ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் தாண்டாதது என்றால் நல்லது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பழக்க தோஷத்தில் '80-க்கு 20' என்று சிக்கரி கலந்த தூளை வாங்கி எஸ்பிரஸ்ஸோ மெஷினில் போடக்கூடாது. ஃபில்டரில் சிக்கரிக்கு ஒரு மரியாதை உண்டு. கெட்டித்தன்மையும் நிறமும் அதில்தான் வருகிறது. இங்கே அது ஈரம் பட்டதும் பிசுபிசுத்து, அழுத்தத்தில் வடிகட்டியை அடைக்கும்.

உப்புத் தண்ணி

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீரில் இரண்டு வகை உண்டு. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் மெஷினின் கொதிகலத்துக்குள்ளும் படியும். பாத்திரத்தில் படிந்தால் கண்ணுக்குத் தெரியும், தேய்த்துவிடலாம். மெஷினுக்குள் படிவது தெரியாது. சூடு குறையும், குழாய் சுருங்கும், கடைசியில் தண்ணீரே வராது. வாரண்டி கார்டை எடுத்துப் பார்த்தால் உப்பு அடைப்புக்கு வாரண்டி இல்லை என்று பொடி எழுத்தில் இருந்தாலும் இருக்கும்.

இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகளுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி உண்டு. ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் காபிக்குச் சொல்வது சுமார் 150. அதாவது, குடிக்க ஆகும் தண்ணீர் எல்லாம் மெஷினுக்கு ஆகாது.

'அப்போ ஆர்.ஓ. தண்ணீர்தான்' என்று அவசரப்படவும் வேண்டாம். உப்பே இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். சில மெஷின்களில் உள்ளே தண்ணீர் இருப்பதே சென்சாருக்குத் தெரியாமல் போகும். ஆர்.ஓ. தண்ணீரோடு கொஞ்சம் ஆற்றுத் தண்ணீரைக் கலந்து, சின்ன டி.டி.எஸ். மீட்டரில் பார்த்து, 150-க்குப் பக்கத்தில் கொண்டு வந்தால் போதும்.

பஞ்சு தட்டத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மெஷினில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பஞ்சுத் தூசியைத் தட்டாமல் விட்டால் என்ன ஆகும்? ஊசியில் அடைக்கும், துணியில் ஓட்டை விழும், ரோலே வீணாகும். அதனால் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் ஊசிக்கு எண்ணெய் விடுவதும் அங்கே தனி வேலை இல்லை, துணி ஓட்டுவதிலேயே சேர்ந்தது. லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினை இப்படிப் பார்த்துக்கொள்ளும் ஊரில், வீட்டு மெஷினில் போன வாரத்துத் தூள் காய்ந்து கிடப்பதுதான் வேடிக்கை.

காபியில் எண்ணெய் இருக்கிறது. அது படிந்து சிக்குப் பிடித்தால் எவ்வளவு நல்ல கொட்டை போட்டாலும் பழைய வாடைதான் வரும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. ஒவ்வொரு முறையும் சக்கையை உடனே தட்டிவிட்டு, வெறும் தண்ணீரை ஒரு முறை ஓட்டி, வடிகட்டியைத் துடைக்க வேண்டும்.

2. பாலை நுரைக்க வைக்கும் குழாயை அடுத்த நொடியே ஈரத்துணியால் துடைத்து, ஒரு முறை நீராவியைத் திறந்துவிட வேண்டும். பால் காய்ந்தால் உரிப்பது பெரும்பாடு. பாலையும் கொதிக்க விட வேண்டாம், 60-65 டிகிரி போதும். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் போன பக்கம் இது. நல்ல பாலுக்கு இங்கே பஞ்சமில்லை, அதைக் காய்ச்சிக் கெடுப்பானேன்?

3. வாரம் ஒரு முறை வடிகட்டியையும் கைப்பிடியின் உலோகப் பகுதியையும் அதற்கான பவுடர் கலந்த வெந்நீரில் ஊற வைக்க வேண்டும். பின்னோக்கித் தண்ணீரைத் தள்ளிக் கழுவும் வசதி மெஷினில் இருந்தால் மட்டும் அதையும் செய்யலாம். இல்லாத மெஷினில் முயற்சி செய்யக்கூடாது.

4. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கம்பெனிக் கையேட்டில் சொன்ன மருந்தைப் போட்டு உள்ளே படிந்த உப்பை எடுக்க வேண்டும். ரப்பர் வளையம் இறுகிப்போய் ஓரத்தில் தண்ணீர் கசிந்தால் மாற்றிவிட வேண்டும். அது சின்னச் செலவுதான்.

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டு வித்தை இல்லை. ஃபில்டரின் துளை அடைத்துக்கொண்டால் அதை அடுப்பு நெருப்பில் காட்டித் தூளை எரித்து, தட்டிக் கழுவி வைத்த பாட்டிமார்கள் செய்ததும் இதுதான். பெயர் மட்டும் வைக்கவில்லை.

கழுவுவது யார்?

கடைசியாக, யாரும் பேசாத விஷயம். பல வீடுகளில் மெஷின் வாங்குவது மகன் அல்லது கணவர். கிராம் கணக்குப் பார்த்துக் காபி போட்டு போட்டோ எடுப்பதும் அவர்தான். சக்கையைக் கொட்டி, பால் காய்ந்த குழாயைச் சுரண்டி, மேடையைத் துடைப்பது அம்மா அல்லது மனைவி. காலையில் கம்பெனி வேன் பிடித்துப் போய், மாலை வரை தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் இன்னொரு மெஷினைச் சுத்தம் செய்யும் வேலை. மெஷின்கள் பரணுக்குப் போவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். அவர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் தூக்கி மேலே வைத்துவிடுகிறார். அதில் நியாயம் இருக்கிறது.

'ரசனைக்கு எதுக்குங்க இவ்வளவு கணக்கு? பிடிச்சா வாங்கறோம்' என்று கேட்பவர்கள் உண்டு. ரசனை வேண்டாம் என்று யார் சொன்னது? காபி போடுகிற 30 விநாடி மட்டும் ரசனை, அதற்கப்புறம் கழுவுகிற 3 நிமிடம் வேறு யாருடைய வேலையோ என்று இருந்தால், அதற்குப் பேர்தான் ரசனை இல்லை.

எனவே வாங்க நினைப்பவர்கள் ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். இரண்டு மாதம் வீட்டு ஃபில்டரிலேயே தினமும் தாங்களே காபி போட்டு, தாங்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு நாள் கூட அடுத்தவர் கைக்குப் போகாமல் 60 நாள் ஓடிவிட்டால், தாராளமாக மெஷின் வாங்கலாம். அது 5 வருடம் ஓடும். பத்தாவது நாளே ஃபில்டர் சிங்க்கில் கிடந்தால், 40,000 மிச்சம்.