ஐதர் காலத்து உடன்படிக்கை

நம்மவர்கள் எதையாவது பழசு, உதவாதது என்று தள்ள நினைத்தால் "ஐதர் காலத்துச் சங்கதி" என்று ஒரே பேச்சில் தள்ளிவிடுவது வழக்கமாயிருக்கின்றது. தேவிகாபுரத்துத் தறிக்காரரும் அப்படித்தான் சொல்லுகிறார். சேத்துப்பட்டுக் குடியானவரும் அப்படித்தான் சொல்லுகிறார். ஆனால் அந்த ஐதர் காலத்தில் இந்தப் பக்கத்தில் நடந்ததுதான் என்னவென்று கேட்டால், ஒரு கூட்டத்தார் "துருக்கன் படையெடுத்தான்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார் "கலியின் கொடுமை, நம் தலையெழுத்து" என்கிறார்கள். இரண்டும் உண்மையல்ல என்பதே நமது அபிப்பிராயம். 1780-ம் வருஷம் செங்கம் கணவாய் வழியாக இறங்கிய படை மதத்துக்காகவும் வரவில்லை, விதியினாலும் வரவில்லை. ஆபத்துக்கு உதவுவோமென்று கையெழுத்துப் போட்டுக்கொண்ட நேசர்கள் பகைத்துக்கொண்டதனால் வந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு சிலர். அதற்குக் கிரயம் கொடுத்தவர்கள் அந்தப் பத்திரத்தைக் கண்ணாலும் காணாத ஜனங்கள்.

முதலில் அந்தப் பத்திரத்தைப் பார்ப்போம். 1767 முதல் மைசூர் ஐதர் அலிக்கும் இங்கிலீஷ் கும்பினியாருக்கும் யுத்தம் நடந்து வந்தது. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கும்பினிப் பட்டாளம் ஜெயித்தது வாஸ்தவந்தான். ஆனால் 1769 மார்ச்சு கடைசியில் ஐதர் தம் குதிரைப் படையோடு ஒரே ஓட்டமாய் ஓடிவந்து சென்னைப் பட்டணத்து வாசலிலேயே நின்றுவிட்டார். கோட்டைக்குள்ளிருந்த கனவான்களுக்குச் சமாதானத்தின் பெருமை அப்பொழுதுதான் விளங்கிற்று. ஏப்ரலில் சென்னை உடன்படிக்கை முடிவாயிற்று. பிடித்த ஊர்களை ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. இனி இருவரில் எவர் மேலாவது அந்நியர் படையெடுத்தால் மற்றவர் பட்டாளம் அனுப்பி எதிரியைத் துரத்த வேண்டியது என்பவை அதன் முக்கிய ஷரத்துகள். அப்படி உதவிக்கு வரும் சோல்ஜருக்கும் குதிரைக்காரனுக்கும் மாதம் 15 ரூபாய், சிப்பாய்க்கு ஏழரை ரூபாய் என்று சம்பளங்கூடப் பேசி எழுதிக்கொண்டார்கள். பெண் பார்க்கும்போதே சமையற்காரன் கூலியையும் பேசி முடித்தது போல அவ்வளவு ஒழுங்கான பத்திரம்!

சோதனை வர அதிக நாளாகவில்லை. பேஷ்வா மாதவராவின் மராட்டியப் படை மைசூருக்குள் புகுந்தது. 1771 மார்ச்சில் சின்னகுரளியில் ஐதர் பெருந்தோல்வியடைந்தார். உடன்படிக்கைப்படி பட்டாளம் அனுப்புங்கள் என்று சென்னைக்குச் சொல்லியனுப்பினார். கும்பினியார் என்ன செய்தார்கள்? மராட்டியருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கட்டாமல் ஐதரே சண்டையை விலைக்கு வாங்கிக்கொண்டார், ஆகையால் ஷரத்து நம்மைக் கட்டாது என்பது அவர்கள் பக்கத்து வாதம். ஷரத்தை எழுதும்போது தெரியாத நியாயமெல்லாம் அதை நிறைவேற்ற வேண்டிய நாளில் தெரியவந்துவிடுகிறது. இதற்கு நடுவில் கும்பினியாரின் மற்றொரு நேசரான ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, மராட்டியரோடு சேர்ந்துகொண்டு ஐதரை ஒழித்துக்கட்ட வேண்டுமென்று நின்றார். இங்கிலாந்து ராஜாவின் பிரதிநிதியாக 1770-ல் வந்து இறங்கிய சர் ஜான் லிண்ட்சே நவாப்பின் பக்கம் பேசினார். சென்னைக் கவுன்சிலார் இரண்டு பக்கத்துக்கும் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்கள். ஐதர் 1772-ல் பணத்தையும் நிலத்தையும் கொடுத்து மராட்டியரிடமிருந்து தப்பினார்.

இதில் நமது மதாபிமானிகள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றிருக்கின்றது. முஸ்லீம் நவாப், முஸ்லீமான ஐதரை அழிக்க இந்து மராட்டியரின் கத்தியைத் தேடுகிறார். அந்த முஸ்லீம் நவாப்பின் கீழ் ஆரணி ஜாகீரை அனுபவித்து வந்ததோ மராட்டியப் பார்ப்பனக் குடும்பம். இருவருக்கும் மேலே கிறிஸ்தவக் கும்பினி. இந்த வரவு செலவுக் கணக்கில் மதம் எந்தப் பத்தியில் இருக்கிறதென்று தேடிப் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

நிற்க, தேவிகாபுரத்துக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தமென்று யாராவது கேட்டால் நம்மில் அநேகர் சிரிப்பார்கள். சம்பந்தமிருக்கின்றது. 1778 பிப்ரவரியில் பிரெஞ்சு ராஜா, இங்கிலாந்தை எதிர்த்துக் கிளம்பிய அமெரிக்கர்களோடு நேச உடன்படிக்கை செய்துகொண்டார். அதனால் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் யுத்தம் மூண்டது. அந்த யுத்தத்தைச் சாக்காக வைத்துக் கும்பினியார் புதுச்சேரியைப் பிடித்ததோடு நில்லாமல், ஐதர் தமது பாதுகாப்பிலுள்ளதென்று எச்சரித்திருந்த மாஹியையும் 1779 மார்ச்சில் பிடித்துக்கொண்டார்கள். பழைய புண்ணின் மேல் புது வெட்டு. பிறகு அவரைச் சாந்தப்படுத்தப் பாதிரி ஸ்வார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். ஐதர் பாதிரியை மரியாதையாய் வரவேற்று, கும்பினியாரின் வாக்குத் தவறுதல்களையெல்லாம் சொல்லியனுப்பினார். சென்னையில் அதைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. பாதிரியை அனுப்பிய கவர்னர் ரம்போல்டு 1780 ஏப்ரலில் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். ஜூலையில் ஐதர் செங்கம் கணவாயில் இறங்கினார்.

அதற்குப் பின் நடந்ததை விரிக்க மனம் வரவில்லை. படைக்குத் தீனி கிடைக்காதபடி ஊர்களை எரிப்பது, ஏரிக்கரைகளை வெட்டிவிடுவது, மாடுகளையும் மனிதர்களையும் மைசூருக்கு ஓட்டிப்போவது என்று வேலை நடந்தது. ஐதரின் ராணுவக் கிடங்கு ஆரணிக் கோட்டையில் இருந்தது. அதைப் பிடிக்க சர் அயர் கூட் வந்தார். 1782 ஜூன் 2-ந் தேதி ஆரணியில் சண்டை நடந்தது; கோட்டையை அவரால் பிடிக்க முடியவில்லை. வெற்றி தோல்வியில்லாத சண்டை என்று சரித்திரப் புஸ்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. யாருக்குத் தோல்வியில்லை? ஆரணிக்கும் தேவிகாபுரத்துக்கும் நடுவில் தறியையும் ஏரையும் நம்பியிருந்தவனுக்கா? பஞ்சம் தாங்காமல் பட்டணத்துக்கு ஓடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடந்தான் பிறகு மணியக்காரர் சத்திரம் என்று பேர் பெற்றது; 1782 என்பதே அதன் பிறந்த வருஷம். அந்த டிசம்பரில் ஐதர் இறந்தார். 1784 மார்ச்சில் மங்களூரில் அவர் மகன் திப்புவும் கும்பினியாரும் மறுபடியும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். பிடித்த ஊர்களைத் திருப்பிக் கொடுப்பதென்று மறுபடியும் அதே ஷரத்து! செத்தவர்களைத் திருப்பிக் கொடுக்கும் ஷரத்து எதிலுமில்லை. வேடிக்கை என்னவென்றால் மைசூர்ச் சீமையில் பட்டுப்பூச்சி வளர்ப்பை உண்டாக்கியவர் அதே திப்பு. இன்று நம் பட்டுத் தறிகள் பெரிதும் நம்பியிருப்பது அந்தச் சீமை நூலைத்தான். ராஜாக்களின் பகை எங்கே போயிற்று, நூல் எங்கே வந்து சேர்ந்தது பாருங்கள்.

அதெல்லாம் ராஜாக்கள் காலம், இப்பொழுது ஜனநாயகம் என்று சொல்லலாம். ஜனநாயக தேசங்களின் நேசத்தையும்தான் பார்ப்போமே. 2016-ல் ஆஸ்திரேலியா 12 நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பிரெஞ்சுக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது. 2021 செப்டம்பர் மத்தியில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றும் ஆக்கஸ் என்ற புதிய பாதுகாப்பு உடன்படிக்கையை அறிவித்தன. அணுசக்தியில் ஓடும் கப்பல் கிடைக்கப்போகிறதென்று ஆஸ்திரேலியா பிரான்சைக் கைகழுவிவிட்டது. முதுகில் குத்திவிட்டார்கள் என்றார் பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி. 17-ந் தேதி பிரான்ஸ் வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தன் ராஜதூதர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. லண்டன் தூதரை மட்டும் அழைக்கவில்லை. பிரிட்டன் வண்டியின் ஐந்தாவது சக்கரம், அதற்கு இந்த மரியாதைகூட வேண்டாமாம்! அமெரிக்கர்களுக்காகப் பிரெஞ்சுக் கப்பற்படை 1781 செப்டம்பரில் ஜெயித்த கடற்சண்டையின் 240-வது வருஷ விருந்தும் நின்றுபோயிற்று. அதே 1781 செப்டம்பரில்தான் நம் சோளிங்கரில் கூட்டும் ஐதரும் மோதிக்கொண்டார்கள். சோளிங்கருக்கு யார் விருந்து வைக்கிறார்கள்?

சில வாரங்களில் தூதர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். 2022-ல் அந்தப் பிரெஞ்சுக் கம்பெனிக்கு ஆஸ்திரேலியா 55 கோடியே 50 லட்சம் யூரோ கொடுக்கச் சம்மதித்தது. கம்பெனிக்கு நஷ்டஈடு உண்டு. பணம் ஆஸ்திரேலியக் குடிகளின் வரிப்பணம்.

நம் தேசமும் இதற்கு விலக்கல்ல. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அது முன்கூட்டிப் பார்லிமெண்டில் ஓட்டுக்கு விடப்பட்டதல்ல. மறுநாளே பட்டாளம் போயிற்று. தமிழரைக் காக்கப் போவதாய்ச் சொன்ன பட்டாளம் அக்டோபரில் தமிழர் ஊர்களிலேயே யுத்தம் செய்தது. 1989-ல் ஜெயவர்த்தனாவுக்குப் பின் வந்த பிரேமதாசா, வெளியே போங்கள் என்று கெடு வைத்தார். 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் திரும்பியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் செத்திருந்தார்கள். செத்த ஈழத்துக் குடிகளைச் சரியாய் எண்ணியவர் இல்லை.

அந்நிய தேசத்தோடு உடன்படிக்கை செய்யுமுன் பார்லிமெண்டின் சம்மதம் பெறவேண்டுமென்ற கட்டாயம் நமது அரசியல் சட்டத்தில் கிடையாது. அமெரிக்காவில் உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பிரிட்டனில் 2010-ம் வருஷச் சட்டப்படி, உறுதி செய்யுமுன் பார்லிமெண்டின் முன் 21 கூட்ட நாட்கள் வைக்கவேண்டும். அந்த விதிகளிலும் சந்துபொந்துகள் உண்டு. ஆக்கஸ் அறிவிப்பு எந்தச் சபையிலும் ஓட்டெடுத்து வந்ததல்ல. ஆனாலும் ஒன்றுமில்லாமலிருப்பதற்கு அது மேல். ராணுவ ரகசியத்தைச் சந்தியில் வைக்கலாமா என்று சில பெரிய மனுஷர்கள் கேட்பார்கள். பீரங்கி எங்கே நிற்கிறதென்று நாம் கேட்கவில்லை. எவனுடைய சண்டைக்கு நம் பிள்ளைகளை அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், எந்தச் சண்டையில் எவன் நமக்கு வருவான், வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதைத்தான் கேட்கிறோம்.

ஆரணி பார்லிமெண்டுத் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு அடுத்த முறை வருகிறவர்களிடம், எக்கட்சிக்காரரானாலும், தேவிகாபுரத்துத் தோழர்கள் இந்த ஒரு கேள்வியைப் போட வேண்டுகிறோம்: உடன்படிக்கைகளைக் கையெழுத்துக்கு முன் பார்லிமெண்டில் வைக்கச் சட்டம் கொண்டுவருவதற்கு ஓட்டுக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? வருகிற பதில்களை எழுதியனுப்பினால் அப்படியே பிரசுரிப்போம்.