ரூபாய்த்தாளில் இல்லாத மொழி

மொரீஷியஸ் ரூபாய்த்தாளின் படம் ஆண்டுக்கு இரண்டு முறையாவது யார் மூலமாவது கைபேசிக்கு வந்துவிடுகிறது. தாளின் மதிப்பு தமிழில் எழுதியிருக்கும், கூடவே தமிழ் எண்ணும். கீழே யாரோ மார்தட்டி எழுதிய நாலு வரி. இந்த முறை நம் வாசகர் ஒருவர், அந்தப் படத்தையே இதழின் அட்டையில் போடலாமே என்று கடிதம் எழுதியிருந்தார். போடவில்லை. ஏனென்று சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அந்தத் தாளைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஆங்கிலம், தமிழ், இந்தி என மூன்று மொழிகள், அந்த வரிசையில். 1998 நவம்பரில் வந்த புதுத் தாள்களில் இந்தி மேலேறித் தமிழ் கீழிறங்கியது. தீவின் தமிழர்கள் கொதித்துப்போனார்கள். மத்திய வங்கி தாள்களைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. தமிழர் பக்கத்து நியாயம் வரலாற்றிலிருந்து வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறியது 1834-ல். அதற்கு நூறாண்டு முன்பே, பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில், தலைநகர் போர்ட் லூயிஸைக் கட்டியெழுப்பப் புதுச்சேரியிலிருந்து போனவர்கள் தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும். முந்தி வந்தவன் பெயர் முந்தி இருக்கட்டும் என்பதில் தப்பில்லை. ஆனால் அந்த வெற்றியை அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து எந்த மொழியில் பேசி மகிழ்ந்திருப்பார்கள்? தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான். கிரியோல் அந்தத் தாளில் இல்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் கிரியோல் பேசுவதாகச் சொன்னவர்கள் பத்தில் ஒன்பது பேர். வீட்டில் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேற மாட்டார்கள்.

தாளில் உள்ள முகங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 25 ரூபாயில் சீனர் ஆ-சுவென். 50-ல் பிரெஞ்சு வழிவந்த பத்துரோ. 100-ல் தமிழர் ரங்கநாதன் சீனிவாசன். 200-ல் இஸ்லாமியத் தலைவர் அப்துல் ரசாக் முகமது. 500-ல் இந்துத் தலைவர் சுக்தேவ் பிசுந்தயால். 1000-ல் அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களின் தலைவர் கெய்த்தான் துய்வால். விடுதலையே வேண்டாம் என்று 1967 தேர்தலில் நின்றவர், கிட்டத்தட்ட 44 சதவீத வாக்கும் வாங்கினார். 2000 ரூபாயில் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். பந்தியில் யாருக்கும் இலை குறையாமல் பரிமாறிய மாதிரி இருக்கிறது. இதைக் கேலி செய்யவில்லை. 1968 மார்ச் 12-ல் விடுதலை. அதற்கு இரண்டு மாதம் முன்பு தலைநகரில் கிரியோல்களும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்டார்கள். அந்தப் பயத்திலிருந்து பிறந்த பங்கீடு இது.

ஆனால் பங்கீடு சட்டத்துக்குள் நுழையும்போது வேடிக்கையாகிவிடுகிறது. அரசியல் சாசனத்தின் அட்டவணையில் சமூகங்கள் நான்கு: இந்து, முஸ்லிம், சீனர். இந்த மூன்றிலும் சேராதவர்கள் ‘பொது மக்கள்’. தேர்தலில் நேரடியாக வெல்பவர்கள் 62 பேர்; பங்கு குறைந்த சமூகத்தைச் சரிக்கட்டத் தோற்றவர்களிலிருந்து எட்டுப் பேர் வரை எடுத்துக்கொள்வார்கள். ‘சிறந்த தோல்வியாளர்’ முறை என்று பெயரே அப்படித்தான். எந்தச் சமூகம் எவ்வளவு என்று தெரிய 1972 கணக்கெடுப்பைப் புரட்டுகிறார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு சமூகவாரியாக எண்ணவே இல்லை. செத்துப்போனவர்களின் தலைக்கணக்கில் இன்றைய நாற்காலி. வேட்பாளர் தன் சமூகத்தை அறிவித்தே ஆகவேண்டும் என்பது உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-ல் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகமாக விலக்குக் கொடுத்தார்கள்.

அந்த ‘பொது மக்கள்’ கூடையைக் கவனியுங்கள். கரும்புத் தோட்டம் வைத்திருந்த பிரெஞ்சுக் குடும்பமும், அந்தத் தோட்டத்தில் சவுக்கடி பட்ட மடகாஸ்கர், மொசாம்பிக் அடிமைகளின் வழிவந்தவர்களும் ஒரே கூடையில். 1835-ல் அடிமை முறை ஒழிந்தபோது நஷ்டஈடு வாங்கியவர்கள் முதல் வகையினர். அடிமைகளுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அடிமைகளில் தமிழர்களும் இருந்தார்கள். புதுச்சேரியில் ஆட்களைக் கடத்தி விற்ற விவகாரம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே 1743-ல் வருகிறது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஞானஸ்நானப் பெயரோடு கிரியோல்களுக்குள் கரைந்துவிட்டார்கள். ரூபாய்த்தாள் படத்தை அனுப்புகிற நாம் அவர்களைத் தமிழர் கணக்கில் சேர்ப்பதில்லை. கொத்தனார் நம்மவர், அடிமை யாரோ.

கிரியோல் அந்த அடிமைகள் உண்டாக்கிய மொழி. சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு, வாக்கியம் அவர்களுடையது. 1810-ல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தபோது குடிகளின் மதமும் சட்டமும் வழக்கமும் அப்படியே இருக்கும் என்று ஒப்புக்கொண்டதால் பிரெஞ்சு நிலைத்தது. கோப்பு ஆங்கிலத்தில், கௌரவம் பிரெஞ்சில், வாழ்க்கை கிரியோலில். பிறகு வந்த சுமார் நாலரை லட்சம் இந்தியக் கூலிகளும் தோட்டத்தில் கற்றுக்கொண்டது இதைத்தான். போஜ்புரி கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. வீட்டில் போஜ்புரி பேசுவோர் 2000-ல் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர், 2022-ல் ஐந்து பேர். பள்ளியிலோ பிள்ளைகள் விருப்பப் பாடமாக ‘மூதாதையர் மொழி’ எடுக்கலாம்: இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, சீனம். பாட்டன் பேசிய மொழிக்கு வகுப்பு உண்டு, அம்மா பேசுகிற மொழிக்கு வெகுகாலம் இல்லை. 2012 ஜனவரியில்தான் கிரியோல் தொடக்கப்பள்ளிக்குள் வந்தது, அதுவும் இந்த விருப்பப் பாட வரிசையில் இன்னொன்றாக. எல்லோருக்கும் பொதுவானதை ஒரு சாராரின் சொத்தாக்கி உள்ளே விட்டார்கள்.

உடம்பின் கதை வேறு மாதிரி போகிறது. தீவில் முதலில் மலேரியா கிடையாது. கப்பல் வழியாகக் கொசு வந்து சேர்ந்தது. 1867-ல் மட்டும் முப்பதாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள், தோராயமாகப் பத்தில் ஒருவர். நோய்க்கு ஆள் பேதமில்லை என்று சொல்வது வழக்கம். அங்கே பேதம் இருந்தது. மூன்று வருடம் முன்புதான் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. வசதியுள்ளவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு, கொசு ஏறாத மேட்டு நிலத்துக்குப் போனார்கள்; குயூர்பிப் ஊராக வளர்ந்தது இப்படித்தான். கூலிகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் கடலோரத்தில் காய்ச்சலோடு கிடந்தார்கள். சாசனத்தின் நான்கு சமூகங்களில் எதுவும் இந்தக் கோட்டோடு பொருந்தாது. கோடு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஓடியது. செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றைப் பிளந்து மலேரியாவின் வழியைக் கண்ட ரொனால்டு ராஸ், 1907-ல் இந்தத் தீவுக்கு வந்து தடுப்புத் திட்டம் எழுதிக்கொடுத்தார். முழுதாக ஒழிய 1973 ஆயிற்று. 1975 புயலுக்குப் பிறகு மீண்டும் தலைதூக்கி, 1990-களின் முடிவில் அடங்கியது.

இப்போது தீவைத் தின்பது சர்க்கரை நோய். வயதுவந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு. 1987-ல் பெரிய ஆய்வு செய்தபோது, இந்து, முஸ்லிம், கிரியோல், சீனர் என எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. இந்திய உடம்பு என்று ஒரு காரணம் வைத்திருந்தார்களே, அதற்குள் இது அடங்கவில்லை. அந்த ஆண்டு அரசு ஒரு காரியம் செய்தது: ரேஷன் சமையல் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றியது. ஐந்தாண்டில் மக்களின் சராசரி ரத்தக் கொழுப்பு 5.5-லிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியது. யாரும் பிரசங்கம் கேட்டு மாறவில்லை. எல்லோர் வாணலியிலும் ஒரே எண்ணெய் விழுந்தது, அவ்வளவுதான். குளிர்பானத்தில் உள்ள சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரியும் போட்டார்கள். கரும்பால் உண்டான நாடு கரும்புக்கே அபராதம் விதிக்கிறது. சர்க்கரை நோய் குறைந்தபாடில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மருத்துவமனை வரிசையில் நிற்கிற கிழவி ‘மோ லத்தெத் பே ஃபெர்மால்’ என்பாள். தலை வலிக்கிறதாம். மருத்துவரும் கிரியோலிலேயே கேட்டுக்கொண்டு சீட்டை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுவார். வலி சொல்ல உதவுகிற மொழி எழுத உதவாது என்கிற இந்த நினைப்பை எதிர்த்து 1960-களிலிருந்தே சண்டை போட்டவர் தேவ் விராசாமி. தெலுங்கு வம்சம். ஷேக்ஸ்பியரைக் கிரியோலுக்குக் கொண்டுவந்தவர், 1991-ல் ‘தூஃபான்’ நாடகம் எழுதியவர், 2023-ல் மறைந்தார். தெலுங்கு வேரைக் காப்பாற்றுங்கள் என்று அவர் யாரிடமும் மன்றாடவில்லை. பேசுகிற மொழியை எழுதுங்கள் என்றார்.

அப்படியானால் தமிழுக்கு அங்கே என்ன மிச்சம்? பலருக்குத் ‘தமிழ்’ என்பது மதத்தின் பெயர். தேவாரத்தை ரோமன் எழுத்தில் அச்சிட்டு ஓதுகிறார்கள். தைப்பூசம் நாடு முழுக்க விடுமுறை. காவடி எடுப்பவர்களில் கிரியோல்களும் சீனர்களும் உண்டு. சந்தையில் முருங்கைக்கீரைக்கு ‘ப்ரெத் முரும்’, பீர்க்கங்காய்க்கு ‘பிபங்காய்’, ரசத்துக்கு ‘ரசோன்’. எந்தச் சமூகத்துப் பெண் வாங்கினாலும் இதே பெயர்தான். ரூபாய்த்தாளில் இருக்கிற தமிழை யாரும் வாசிப்பதில்லை. கீரைக்கட்டில் இருக்கிற தமிழைத் தமிழென்று தெரியாமலே தினமும் ஆயிரம் பேர் உச்சரிக்கிறார்கள். நமக்குப் பிடித்த தமிழ் எது என்பது அவரவர் விருப்பம். இந்த இதழுக்கு இரண்டாவது.

இத்தனை எழுதிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை நாம் ஒரு கிரியோல் கதையையோ கவிதையையோ வெளியிட்டதில்லை. மொரீஷியஸ் என்றால் இதழில் வந்ததெல்லாம் தமிழ் மாநாட்டுச் செய்திகளும் கோயில் கோபுரப் படங்களும்தான். ஆங்கிலம் வழியாகவோ பிரெஞ்சு வழியாகவோ அல்லாமல், கிரியோலிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவரக்கூடியவர்கள் இருந்தால் எழுதுங்கள். இருபது பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். சன்மானம் வழக்கம்போல இதழின் இரண்டு படிகள்.