கப்பலில பள்ளிக்கூடம் இருக்கோ?

"பிள்ளை கப்பலில படிக்கப்போறன் எண்டு நிக்கிறான் தம்பி. கப்பலில பள்ளிக்கூடம் இருக்கோ?" உயர்தரத்தில் கணிதப் பிரிவு முடித்த மகனைப் பற்றி வடமராட்சித் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார். சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல. 'கப்பலுக்குப் போறது' இங்கே பழைய சொல். 'கப்பலில் படிக்கிறது' புதுச் சொல். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்காமலேயே சில வீடுகளில் நகை அடகுக்குப் போய்விடுகிறது.

பள்ளிக்கூடமே கப்பலில் நடந்த காலம் உண்டு. 1927இல் பம்பாய்த் துறைமுகத்தில் 'டஃபரின்' என்ற பழைய படைக் கப்பலைப் பயிற்சிக் கப்பலாக்கினார்கள். மாணவர்கள் அதிலேயே உண்டு, உறங்கி, படித்தார்கள். கப்பல் மட்டும் நங்கூரத்தை விட்டு அசையவில்லை. 1972இல் அதன் இடத்துக்கு 'ராஜேந்திரா' வந்தது. 1993இல் படிப்பு நவி மும்பையில் கரையேறி 'சாணக்கியா' ஆனது. இன்னொரு வகையும் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிக்கொண்டு நாடு நாடாகப் போகும் 'செமஸ்டர் அட் சீ'. 1963இல் தொடங்கிய அது வசதியுள்ளவர்களின் படிப்பு. அந்தத் தாய் கேட்டது இரண்டையும் அல்ல.

அவருடைய மகன் போக நினைப்பது 'கடேற்' ஆக. பள்ளிக்கூட மைதானத்தில் அணிநடை போடும் கடேற் அல்ல, வணிகக் கப்பலில் ஏறும் பயிலுநர் அதிகாரி. கரையில் ஒரு நிறுவனத்தில் அடிப்படைப் பாடங்களையும், தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவிப் பயிற்சிகளையும் முடித்தபின் அவன் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறுவான். அங்கே வகுப்பறையும் இல்லை, முழுநேர வாத்தியாரும் இல்லை. ஆனால் படிப்பு நடக்கிறது, அதற்குக் கணக்கும் உண்டு. 1978ஆம் ஆண்டின் சர்வதேச கடலோடிகள் பயிற்சி உடன்படிக்கை சொல்வது இது: அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவனுக்கு ஆகக்குறைந்தது 12 மாதம் கடற்சேவை வேண்டும். அதில் 6 மாதம் அதிகாரி ஒருவரின் கண்காணிப்பில், கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தில் காவற்கடமை. செய்த வேலை ஒவ்வொன்றும் பயிற்சிப் பதிவேட்டில் அதிகாரியின் கையொப்பத்தோடு ஏறவேண்டும். அப்படியான திட்டம் இல்லாமல் போகிறவனுக்கு 12 மாதம் 36 மாதமாகிறது. வீட்டில் லீவில் நின்ற நாள் எதிலும் சேராது.

ஆகவே கரைப் படிப்பு முடிந்து கையில் கிடைக்கும் சான்றிதழ் பாதி வழிதான். கப்பலில் இடம் கிடைத்து, அந்த 12 மாதம் பதிவேட்டில் ஏறி, வாய்மொழிப் பரீட்சையிலும் தேறினால்தான் அதிகாரியாக நிற்கும் தகுதிச் சான்று. "கோர்ஸ் முடிஞ்சா வேலை" என்கிற விளம்பரத்துக்கு முன்னால் தாய்தகப்பன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடற்பயிற்சிக்குக் கப்பல் தருவது யார், அது எழுத்தில் இருக்கிறதா? எனக்குத் தெரிந்த ஒரு பொடியன் கோர்ஸ் முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தான். இப்போது வேறு தொழில் பார்க்கிறான்.

கப்பலில் அந்த மாணவனின் நாள் எப்படி? காலையில் துருத் தட்டுவான், பெயின்ற் அடிப்பான், தாங்கிகளின் மட்டம் அளப்பான். பொதிக் கப்பலானால் சரக்கறையைக் கூட்டிக் கழுவுவான். இதற்கா கணிதம் படித்தேன் என்று முதல் மாதம் தோன்றும். பிறகு நான்கு மணிக் காவலுக்கு மேல்தளம் ஏறுவான். அங்கேதான் உண்மையான வகுப்பு. இருட்டில் வலப்பக்கம் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிகிறது. கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. ஆகவே அது எங்கள் பாதையைக் குறுக்கறுத்து வருகிற கப்பல், அதன் இடப்பக்கம் எங்களைப் பார்க்கிறது. 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் 15ஆவதன்படி வழி விடவேண்டியவர்கள் நாங்கள். மாணவன் இதை மனப்பாடமாகச் சொல்வான். அதிகாரி "சரி, இப்ப என்ன செய்வாய்?" என்று கேட்டால் வாய் காயும். விதியைச் சொல்வதற்கும் நாற்பதாயிரம் தொன் இரும்பைத் திருப்பச் சொல்வதற்கும் இடையில் உள்ள தூரத்தைக் கடப்பதற்குத்தான் அந்த 12 மாதம்.

இந்தச் சிவப்பு, பச்சையினால் ஒரு சிறு எச்சரிக்கை. நிறக்குருடு உள்ளவருக்குத் தளப்பிரிவில் வழி இல்லை. இயந்திரப் பிரிவுக்கு அளவுகோல் வேறு. புள்ளிப்படத்தில் இலக்கம் வாசிக்கும் அந்தச் சோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும். கட்டணம் கட்டமுதல் செய்யவேண்டியதை, கட்டினபிறகு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தூரத்துக் கதையாகத் தெரிவதற்கு நிலமும் ஒரு காரணம். பாக்கு நீரிணை ஆழங்குறைந்தது. பெரிய சரக்குக் கப்பல்கள் தேவேந்திரமுனைக்குத் தெற்கால் சுற்றிப் போகின்றன. 2023 ஒக்ரோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் பயணிகள் கப்பல் தொடங்கியபோது அதையே ஊர் திரண்டு பார்த்தது.

ஆனால் கப்பலிலேயே கப்பலைப் படிப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டின 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். 1937இல் புறப்பட்ட அது 1938 ஓகஸ்ட்டில் மசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. செலுத்தியவர்களில் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் இருந்தார்கள். அவர்கள் கற்றது தண்டையல் என்கிற கப்பல் தலைவனின் பக்கத்தில் நின்று, கையும் கண்ணுமாக. இன்றைய கடேற்றும் அப்படித்தான் கற்கிறான். வித்தியாசம், தண்டையலுக்குத் தெரிந்தால் அன்று போதும், இன்று கையொப்பம் வேண்டும். அறிவு குறைந்ததால் வந்த மாற்றமல்ல இது. ஒரு நாட்டில் பழகியவனை இன்னொரு நாட்டுக் கப்பல் நம்பி ஏற்றுவதற்கு, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு தாள் தேவைப்படுகிறது.

இனிக் காசு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழில் உடன்படிக்கையின்படி, கப்பலில் வேலை எடுத்துத் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் அறவிடக்கூடாது. மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்றவற்றின் செலவு மட்டும் அவனைச் சேரலாம். படிப்புக் கட்டணம் வேறு, 'இடம் பிடிச்சுத் தாறதுக்கு' என்று ஏஜென்சிக்காரர் கேட்கிற தொகை வேறு. முதலாவதற்கு ரசீது வரும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் வராது.

அதே உடன்படிக்கை 24 மணித்தியாலத்தில் 10, கிழமைக்கு 77 மணித்தியாலம் ஓய்வு என்கிறது. துறைமுகம் நெருக்கமான பாதைகளில் இது தாளில் மட்டும் நிற்கிறது என்ற முறைப்பாடு கடலோடிகளிடம் உண்டு. மாணவனின் நித்திரைதான் முதலில் பலியாகும். வீட்டாரோடு பேச இணைய வசதி வேண்டும் என்ற திருத்தம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெண்பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்புக்குத் தடை இல்லை. ஆனால் 2021 கணிப்பின்படி உலகக் கடலோடிகளில் பெண்கள் 1.28 வீதம்தான். போகிற பிள்ளை பெரும்பாலும் கப்பலில் தனி ஒருத்தியாக இருப்பாள் என்பதைத் தெரிந்தே அனுப்பவேண்டும்.

இவ்வளவையும் அந்தத் தாய் பொறுமையாகக் கேட்டார். அடுத்த கிழமை மகனைக் கண் காட்டக் கூட்டிப்போவதாகச் சொன்னார். எழும்பும்போது, "சாப்பாட்டுக்குக் காசு வெட்டுவினமோ?" என்றார். இல்லை, ஒப்பந்த காலத்தில் சாப்பாடு கப்பல்காரன் பொறுப்பு என்றேன். "சோறு குடுப்பினம்தானே?" என்றார்.