ரசிகர்களின் உழைப்பு யாருக்குச் சொந்தம்?

விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, திரையில் தான் கட்டிய பறக்கும் வண்டி ஒன்றை எனக்குக் காட்டினாள். இரண்டு விசிறிகள், நடுவே திசைதிருப்ப ஒரு கைப்பிடி; அவ்வளவுதான். மூன்றே உறுப்புகளால் ஆன அந்த வண்டி மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் எளிதாகக் கடந்தது. ''இதை விளையாட்டைத் தயாரித்த நிறுவனமே செய்து கொடுத்ததா?'' என்று கேட்டேன். ''இல்லை தாத்தா, உறுப்புகளை மட்டும்தான் அவர்கள் கொடுத்தார்கள். இப்படிப் பொருத்தினால் பறக்கும் என்று கண்டுபிடித்தது விளையாடுகிறவர்கள்'' என்றாள்.

கல்லூரியில் உற்பத்தியை ஓர் அத்தியாயமாகவும் நுகர்வை இன்னோர் அத்தியாயமாகவும் பிரித்தே பல்லாண்டுகள் பாடம் நடத்தியவன் நான். உற்பத்தியாளர் படைப்பார், நுகர்வோர் விலை கொடுத்துப் பெறுவார், அத்துடன் கணக்கு முடிந்துவிடும். பேத்தியின் பதில் அந்தப் பிரிவினையையே கேள்விக்கு உள்ளாக்கியது. அவள் காட்டியது 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்ற தொடரைச் சேர்ந்த விடியோ விளையாட்டு. அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிய எனக்கு, நம் காலத்தின் முக்கியமான பொருளாதாரக் கேள்வி ஒன்று அதற்குள் ஒளிந்திருப்பது புரிந்தது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு சீட்டுக்கட்டுத் தயாரிக்கும் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது நிண்டெண்டோ. அந்நிறுவனத்தின் ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெஸுகா ஆகியோர் உருவாக்கிய முதல் செல்டா விளையாட்டு 1986 பிப்ரவரி 21 அன்று வெளியானது. சிறுவயதில் தன் ஊரைச் சுற்றியிருந்த காடுகளிலும் குகைகளிலும் அலைந்து திரிந்த அனுபவமே அதற்குத் தூண்டுதல் என்று மியாமோட்டோ கூறியிருக்கிறார். ஹைரூல் என்ற கற்பனை நாடு, அதன் இளவரசி செல்டா, அவளுக்குத் துணை நிற்கும் லிங்க் என்ற வீரன் என்பதே கதையின் அடிப்படை. நாற்பது ஆண்டு கால வளர்ச்சியின் அளவைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். 2017-இல் வெளியான 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' 3 கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 2023 மே மாதம் வெளியான 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' முதல் மூன்று நாள்களில் மட்டும் 1 கோடிப் படிகளைக் கடந்தது. இப்போது திரைப்படமும் தயாராகி வருகிறது.

இந்தச் சாதனையில் நிறுவனத்தின் பங்கு பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால், அது முழுக்க நிறுவனத்தின் சாதனை மட்டும்தானா?

இந்த விளையாட்டுகளின் கதைகள் ஒன்றுக்கொன்று எப்படித் தொடர்புடையவை என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். எது முன், எது பின் என்று நம் புலவர்கள் கால ஆராய்ச்சி செய்ததைப் போலவே, சான்றுகளைத் திரட்டி, மறுத்து, மீண்டும் நிறுவினார்கள். கடைசியில் 2011-இல் 'ஹைரூல் ஹிஸ்டோரியா' என்ற நூலை வெளியிட்டு, மூன்று கிளைகளாகப் பிரியும் ஒரு காலவரிசையை நிறுவனமே அறிவித்தது. ரசிகர்களின் விவாதம் அத்துடனும் ஓயவில்லை. ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவர்கள், பல்லாண்டுகள் கழித்தும் அதைப் பற்றி ஊதியமின்றிச் சிந்திக்கிறார்கள் என்றால், அந்தச் சிந்தனையும் பொருளின் மதிப்பில் ஒரு பகுதிதான்.

இன்னொன்று. 1995-இல் ஜப்பானில் செயற்கைக்கோள் ஒலிபரப்பு வழியே, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் விளையாடக்கூடிய செல்டா விளையாட்டு ஒன்று வழங்கப்பட்டது. விளையாட்டின் தரவுகள் நினைவகப் பேழைகளில் எஞ்சியிருந்தன. ஒலிபரப்பில் வந்த குரலும் இசையும் காற்றோடு போயின. அதைக் கடையில் விலைக்கு வாங்க என்றுமே வழி இருந்ததில்லை. பழைய பேழைகளைத் தேடிப்பிடித்து, ஒலிப்பதிவுகளைச் சேகரித்து, மீண்டும் விளையாடக்கூடிய வடிவில் அதை மீட்டவர்கள் ரசிகர்கள்தாம். அழிந்துகொண்டிருந்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஒருவரின் உழைப்பை மதிக்கத் தெரிந்த நமக்கு, இந்த உழைப்பின் அருமை புரியாமல் போகாது.

என்னை மிகவும் நெகிழச் செய்தது வேறொரு நிகழ்வு. 2012-இல் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த ஒரு தந்தை, 'விண்ட் வேக்கர்' என்ற செல்டா விளையாட்டைத் தன் சிறு மகளுடன் விளையாடினார். கதைநாயகனை ஆணாகவே குறிப்பிடும் வசனங்களை மகளுக்கு உரக்கப் படிக்கும்போதெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிவந்தவர், ஒருநாள் விளையாட்டின் கோப்பையே திறந்து அச்சொற்களை எல்லாம் பெண்பாலுக்கு மாற்றினார். தன் மகளும் ஒரு கதையின் நாயகியாக இருக்க வேண்டும் என்பது தவிர அவருக்கு வேறு நோக்கம் இல்லை. அடுத்த ஆண்டு வேறொரு ரசிகை, முதல் விளையாட்டில் லிங்கின் இடத்தில் செல்டாவையே வைத்து மாற்றி அமைத்தார். தொடரின் பெயரே செல்டா; ஆனால், முதன்மை வரிசையில் அவள் முழுமையான நாயகியாக வருவதற்கு 2024 செப்டம்பரில் வெளியான 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விளையாட்டின் இயக்குநரும் ஒரு பெண்தான்.

ரசிகர்கள் செய்ததைப் பார்த்துத்தான் நிறுவனம் இதைச் செய்தது என்று நான் கூற வரவில்லை. ஆனால், சந்தை பின்னாளில் உணர்ந்த தேவையை ரசிகர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள் என்பது தெளிவு. பொருளைத் தீவிரமாகப் பயன்படுத்துவோரே பல துறைகளில் புத்தாக்கத்தின் முன்னோடிகளாக இருக்கிறார்கள் என்று அமெரிக்கப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பெல் நெடுநாளாக எழுதி வருகிறார். அவர் கூற்றுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இத்தகைய உழைப்பு நாட்டு வருமானக் கணக்கில் எங்கும் பதிவாவதில்லை. விலை இல்லாததால் அதற்கு மதிப்பும் இல்லை என்று நாம் கருதிவிடுகிறோம். சட்டத்தின் பார்வையிலோ நிலைமை இன்னும் சிக்கலானது. 2016-இல், தொடரின் 30-ஆம் ஆண்டையொட்டி, முதல் விளையாட்டை முப்பரிமாணத்தில் இணைய உலாவியிலேயே விளையாடும்படி இரு ரசிகர்கள் உருவாக்கி, கட்டணமின்றி வெளியிட்டார்கள். சில நாள்களிலேயே பதிப்புரிமை அறிவிப்பு வந்து அது நீக்கப்பட்டது. ஒருவர் மட்டுமே விளையாடக்கூடிய 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டைப் பலர் சேர்ந்து விளையாடும்படி மாற்றித் தருவோருக்கு 10,000 டாலர் பரிசு தருவதாக ஒரு விடியோ படைப்பாளி 2021-இல் அறிவித்தார். 2023 ஏப்ரலில் அந்த மாற்றம் வெளியானதையொட்டி, அவருடைய விடியோக்கள் பல பதிப்புரிமைக் கோரிக்கையால் அகற்றப்பட்டன.

நிறுவனத்தின் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' அதிகாரபூர்வமாக வெளியாகும் முன்பே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை திருட்டுத்தனமாகப் பதிவிறக்கம் செய்யப்பட்டதாக, 'யூசு' என்ற போலச்செய் மென்பொருளைத் தயாரித்தவர்கள் மீது 2024 பிப்ரவரியில் தொடுத்த வழக்கில் நிண்டெண்டோ குற்றஞ்சாட்டியது. அடுத்த மாதமே 24 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு அவர்கள் சமரசம் செய்துகொண்டார்கள். பல ஆண்டுகள் பல நூறு பேர் உழைத்து உருவாக்கிய பொருள், கடைக்கு வரும் முன்பே களவுபோவதை எந்தப் பொருளியலாளரும் நியாயப்படுத்த முடியாது. பதிப்புரிமை இல்லாவிட்டால் அந்த முதலீடே நிகழ்ந்திராது.

இங்கேதான் முதலாம் ஆண்டு மாணவருக்குக் கற்பிக்கும் ஒரு பாகுபாடு நமக்குக் கைகொடுக்கிறது. காப்பிக்குத் தேநீர் பதிலிப் பொருள். சர்க்கரையோ இணைப் பொருள். தேநீர் மலிந்தால் காப்பி விற்பனை குறையும். சர்க்கரை மலிந்தால் காப்பி விற்பனை கூடும். திருட்டு நகல், மூலப்பொருளுக்குப் பதிலி. ரசிகர் வரையும் ஓவியம், எழுதும் கதை, செய்யும் மாற்றம், நடத்தும் ஆராய்ச்சி ஆகியவை இணைப் பொருள்கள். மூல விளையாட்டு இல்லாமல் அவற்றுக்குப் பொருளே இல்லை. இரண்டையும் ஒரே தடியால் அடிப்பது நீதியும் அன்று. நிறுவனத்துக்கு நன்மையும் அன்று.

ஆயினும், எல்லா ரசிகர் படைப்பும் இணைப் பொருளே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. முதல் விளையாட்டை முழுமையாக மீண்டும் செய்து இலவசமாக வழங்கினால், அதே விளையாட்டை நிறுவனம் மறுபதிப்புச் செய்யும்போது அது போட்டியாகக்கூடும். எல்லைக்கோடு சில இடங்களில் மங்கலானதுதான். ஆனால், கோடு மங்கலாக இருப்பது கோட்டைத் தெளிவாக வரையச் சொல்லும் காரணமே தவிர, இருபுறமும் உள்ள அனைத்தையும் தடைசெய்வதற்கான காரணம் அன்று.

ஜப்பானியச் சட்டமே இதற்கு வழிகாட்டியிருக்கிறது. அந்நாட்டில் ரசிகர்கள் தாங்களே எழுதி வரைந்த புத்தகங்களை விற்கும் 'காமிக் மார்க்கெட்' என்ற சந்தை 1975-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தையொட்டி 2018 டிசம்பர் இறுதியில் பதிப்புரிமைச் சட்டம் கடுமையாக்கப்பட்டபோது, உரிமையாளரின் புகார் இல்லாமலே குற்றவழக்குத் தொடரும் அதிகாரம் அரசுக்கு வழங்கப்பட்டது. ஆனால், மூலத்தை அப்படியே நகலெடுத்து, இலாப நோக்குடன், உரிமையாளருக்குக் கேடு விளைவிக்கும் செயல்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று வரையறுத்து, ரசிகர் படைப்புகளை அதற்கு வெளியே நிறுத்தினார்கள். பதிலிக்கும் இணைப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமொழியில் எழுதினால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

தொடர்ந்து நடவடிக்கை எடுக்காவிட்டால் உரிமையே பறிபோய்விடும் என்று ஒரு வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. வணிகச் சின்னத்தைப் பொருத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. பதிப்புரிமையோ பொறுத்துக்கொள்வதால் மறைந்துவிடுவதில்லை. எனவே, சகிப்பது நிறுவனத்துக்குத் தற்கொலை ஆகாது.

நிண்டெண்டோவே இதை உணர்ந்திருப்பதற்கு அடையாளங்கள் உள்ளன. விளையாட்டு விடியோக்களின் விளம்பர வருவாயில் பங்கு கேட்கும் திட்டத்தை 2018-இல் கைவிட்டு, எவை அனுமதிக்கப்படும் என்பதற்கான எழுத்துபூர்வமான வழிகாட்டுதலை அது வெளியிட்டது. 2019-இல், கனடாவின் சிறிய நிறுவனம் ஒன்று 'கேடன்ஸ் ஆஃப் ஹைரூல்' என்ற பெயரில் செல்டா உலகில் ஒரு விளையாட்டை உருவாக்க உரிமம் அளித்தது. மற்றொரு ஜப்பானிய நிறுவனமான சேகா, ரசிகர்களாக இருந்து விளையாட்டுகளை உருவாக்கியவர்களையே அழைத்து, 2017-இல் 'சோனிக் மேனியா'வைப் படைக்கச் செய்தது. வழக்கறிஞர் அறிவிப்புக்கு மாற்று வழிகள் இருக்கின்றன என்பதற்கு இவை சான்று.

பொதுவளங்களை மக்கள் எவ்வாறு தாமே நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீடித்து நிற்கும் அமைப்புகளின் பொதுப்பண்புகளைத் தொகுத்துக் கூறினார். எல்லைகள் தெளிவாக இருக்க வேண்டும். மீறலுக்குத் தண்டனை படிப்படியாக இருக்க வேண்டும். பூசலைத் தீர்க்க எளிய வழி வேண்டும். ரசிகர் படைப்புலகில் இம்மூன்றுமே போதுமானதாக இல்லை. பல ஆண்டு உழைப்பு வெளியான சில நாள்களில் முன்னறிவிப்பின்றி அழியக்கூடும் என்றால், திறமையுள்ள இளைஞர் தொடங்கவே தயங்குவார். தொடங்கப்படாத படைப்புகளின் இழப்பை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

எனவே, மூன்று யோசனைகள். முதலாவது, விடியோக்களுக்கு வெளியிட்டதைப் போல, இலாப நோக்கற்ற ரசிகர் படைப்புகளுக்கும் எழுத்துபூர்வமான விதிகளை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். இரண்டாவது, சிறு தொகைக்கு எளிய உரிமம் வழங்கும் முறை வேண்டும். மூன்றாவது, வணிகச் சந்தையில் இல்லாத பழைய விளையாட்டுகளைப் பேணவும் ஆய்வாளருக்கு வழங்கவும் நூலகங்களுக்குச் சட்ட விலக்கு வேண்டும். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என 2023-ஆம் ஆண்டின் ஆய்வொன்று கூறியது. ஆயினும், அவற்றைத் தொலைவிலிருந்து பார்வையிட நூலகங்கள் கேட்ட விலக்கை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், பாதுகாக்கவும் விடமாட்டோம் என்பது எந்தப் பொருளியலுக்கும் ஒவ்வாது.

ரசிகர்களுக்கும் கடமை உண்டு. வெளியாகாத விளையாட்டைப் பரப்புவதும், பிறர் உழைப்பைக் காட்டி நன்கொடை திரட்டுவதும் அன்பின் வெளிப்பாடு அல்ல. அந்த எல்லையை அவர்களே காத்தால்தான் அவர்களுடைய கோரிக்கைக்கு வலு சேரும். 2022 கோடையில் அமெரிக்காவில் செல்டா உள்ளிட்ட விளையாட்டுகளை அதிவேகமாக ஆடிமுடிக்கும் விழாவொன்றில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்காக 30 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். அவர்களால் எத்தகைய ஒழுங்குடன் இயங்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

வியாசர் அறியாத அல்லியை அர்ச்சுனனுக்கு எதிரே நிறுத்தி, பாண்டிய நாட்டு அரசியாக்கி, அல்லி அரசாணி மாலை பாடியது நம் மண். அதனால் பாரதம் சிறுமைப்படவில்லை. கூடுதலாக ஓர் ஊருக்குள் நுழைந்தது. தன் மகளுக்காக விளையாட்டின் சொற்களைத் திருத்திய தந்தை செய்ததும் அதுவே.

ஊருக்குப் புறப்படும் நாளில், ''அந்த வண்டியை முதலில் செய்தவர் யார் என்று தெரியுமா?'' என்று பேத்தியைக் கேட்டேன். ''தெரியாது தாத்தா. ஆனால், எல்லோரும் அதைத்தான் ஓட்டுகிறோம்'' என்றாள். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு ஊதியம் வேண்டாம். தண்டனை இல்லை என்ற உறுதியையாவது அவருக்கு நாம் அளிக்க வேண்டும்.