மிளகாய்த்தூள் பாக்கெட்டும் மூன்று மோட்டார்களும்

மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் மிளகாய்த்தூள் பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்து எடுக்கும்போது, அதன் மேல் அச்சிட்ட படம் சரியாக நடுவில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இருக்கும் என்பதால்தான் பார்ப்பதில்லை. படம் பாதியில் வெட்டுப்பட்டு, கம்பெனி பெயரின் பின்பாதி அடுத்த பாக்கெட்டில் போயிருந்தால், அந்தச் சரத்தைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

பெரிய பாட்டில் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் ஷாம்பூ கிடைக்கவேண்டும் என்று கடலூர் சின்னி கிருஷ்ணன் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற காலத்திலிருந்து, சாஷே என்பது நம் ஊர் வியாபாரத்தின் உயிர்நாடி. இன்று ஊறுகாய் முதல் காபித்தூள் வரை எல்லாமே சாஷேதான். அவற்றை அடைக்கும் இயந்திரத்துக்குள் எட்டிப் பார்த்தால் மூன்றே வேலைகள்: ஃபிலிமை இழுப்பது, தூளைக் கொட்டுவது, சூடான தாடையால் கடித்து ஒட்டுவது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் நடக்கவேண்டும்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறு மசாலா நிறுவனம் இப்படி ஓர் இயந்திரம் கட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 10 கிராம். எட்டு மணி நேரம் ஓடினால் 28,800 பாக்கெட். ஒவ்வொன்றிலும் 0.3 கிராம் கூடுதலாக விழுந்தால் என்ன ஆகும்? ஒரே நாளில் எட்டரைக் கிலோவுக்கு மேல் மிளகாய்த்தூள் இலவசமாகப் போய்விடும். குறைவாக விழுந்தாலோ, எடையளவுச் சட்டம் வாசலுக்கு வரும். ஆக, மோட்டார் தேர்வு என்பது இங்கே எஞ்சினீயர் மட்டும் கவலைப்படும் விஷயம் இல்லை, கல்லாப்பெட்டி விஷயம்.

இங்கேதான் சர்வோ மோட்டார் வருகிறது. பெயர் புதிதாகத் தோன்றினாலும் சரக்கு பழசு. 1873-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஃபார்கோ, கப்பலின் சுக்கானைத் திருப்பும் தன் நீராவி இயந்திரத்துக்கு வைத்த பெயர் ‘சர்வோ மோட்டார்’. லத்தீனில் ‘சேர்வுஸ்’ என்றால் அடிமை. சொன்னதைச் சொன்னபடி செய்யும் மோட்டார் என்பது பொருள்.

சாதாரண ஸ்டெப்பர் மோட்டாரும் சொன்னபடிதான் செய்யும். ஆனால், கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும். ‘200 அடி நட’ என்றால் நடக்கும். நடுவில் கால் தடுக்கினாலும் 200 அடி நடந்துவிட்டதாகவே நம்பும். சர்வோவுக்குக் கண் உண்டு. மோட்டாரின் பின்புறம் இருக்கும் என்கோடர்தான் அந்தக் கண். அது பார்த்துச் சொல்வதை வைத்து, டிரைவ் என்னும் மின்னணுப் பெட்டி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திருத்திக்கொண்டே இருக்கும்.

வழக்கமான அமைப்பில் மோட்டார் இயந்திரத்தில் இருக்கும். டிரைவ் தள்ளியிருக்கும் பேனலுக்குள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பவர் கேபிள் ஒன்று, என்கோடர் கேபிள் ஒன்று. மூன்று மோட்டார் என்றால் ஆறு கேபிள். பவர் கேபிளில் கிளம்பும் மின் இரைச்சல், பக்கத்தில் போகும் சென்சார் வயரைக் குழப்புவதும் உண்டு. ஒருங்கிணைந்த சர்வோவில் மோட்டார், டிரைவ், என்கோடர் மூன்றும் ஒரே உடம்பில். மின்சாரமும் கட்டளையும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகப் போய்விடும். பேனல் பாதியாகச் சுருங்கும். மிளகாய்த்தூள் பறக்கிற இடத்தில் இன்னொரு லாபம்: பேனலின் மின்விசிறி தூளை உள்ளே இழுத்து டிரைவ் மேல் அப்பும் தொல்லை இல்லை. ‘ஐபி65’ என்று முத்திரை உள்ள மோட்டாருக்குள் தூள் நுழையாது.

அப்படியானால் மூன்றுக்கும் அதையே வாங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம்.

முதலில் ஃபிலிம். ஒரு பாக்கெட்டுக்கு 80 மி.மீ. இழுக்கவேண்டும், அதற்குக் கிடைக்கும் நேரம் 0.4 நொடி. இழுக்கும் ரோலரின் சுற்றளவு 160 மி.மீ. என்றால் அரைச் சுற்று. பூஜ்யத்தில் கிளம்பி, பாதியில் உச்சம் தொட்டு, மறுபடி பூஜ்யத்துக்கு வரும் கணக்கில் ரோலரின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 150 சுற்றுதான். சர்வோ மோட்டார்களோ பெரும்பாலும் 3,000 சுற்று வேகத்துக்குச் செய்தவை. குதிரையை நத்தை வேகத்தில் நடத்துவதுபோல 150-ல் ஓட்டுவது வீண். நடுவில் பத்துக்கு ஒன்று கியர்பாக்ஸ் போட்டால் மோட்டார் 1,500-ல் ஓடும். அதோடு, ரோலரின் கனம் மோட்டாருக்குத் தெரிவது பத்தில் ஒன்றாக அல்ல, நூறில் ஒன்றாகக் குறையும். சுமையின் நிலைமம் மோட்டாரின் நிலைமத்தைப்போலப் பத்து மடங்குக்குள் இருக்கட்டும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அதற்கு மேல் போனால், கனத்த மூட்டையை மெல்லிய கயிற்றில் கட்டி ஆட்டுவதுபோல மோட்டார் தள்ளாடும். நின்ற பிறகும் உதறும்.

அடுத்து, கேட்லாக்கில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ‘17 பிட் என்கோடர்’. ஒரு சுற்றை 1,31,072 பங்காகப் பிரித்துப் பார்க்கும் கண் அது. கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால், ரோலர் எவ்வளவு சுற்றியது என்றுதான் அதற்குத் தெரியும். ரப்பர் ரோலரின் மேல் ஃபிலிம் அரை மி.மீ. வழுக்கியது தெரியாது. ஒரு பாக்கெட்டுக்கு அரை மி.மீ. என்றால் நூறாவது பாக்கெட்டில் 50 மி.மீ.! படம் எங்கேயோ, வெட்டு எங்கேயோ. இதைப் பிடிப்பதற்கு ஃபிலிமின் ஓரத்தில் அச்சிட்ட சின்னக் கறுப்புக் கட்டத்தைப் பார்க்கும் ஒளி சென்சார்தான் வேண்டும். மளிகைப் பாக்கெட்டின் ஓரத்தில் அந்தக் கட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஏதோ டிசைன் என்று நினைத்திருப்பார்கள். சென்சார் அதைக் கண்டதும் உடனே நிற்கத் தெரிந்த டிரைவ்தானா என்று கேட்பது, 17 பிட்டா 23 பிட்டா என்று கேட்பதைவிட முக்கியம்.

இரண்டாவது, தூள். கூம்பு வடிவத் தொட்டிக்குள் ஒரு திருகு சுழன்று தூளைக் கீழே தள்ளும். எத்தனை சுற்று என்பதுதான் எத்தனை கிராம் என்பது. ஒருங்கிணைந்த சர்வோவுக்குப் பொருத்தமான வேலை இது. ஆனால், மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தூளும் சித்திரை வெயிலில் காய்ந்த தூளும் ஒரே சுற்றில் ஒரே எடை விழாது. மோட்டார் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவ்வப்போது தராசில் வைத்துப் பார்த்துச் சுற்றைத் திருத்தத்தான் வேண்டும். அதை மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

முறுக்குவிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூட்டை தூக்குபவர் ஒரு தடவை 100 கிலோவைத் தூக்கிவிடுவார். நாள் முழுக்கத் தூக்கு என்றால் முடியுமா? சர்வோவும் அப்படித்தான். தொடர்ந்து தரக்கூடிய விசையைப்போல மூன்று மடங்கு வரை சில நொடிகளுக்குத் தரும். வாங்குபவர் பார்க்கவேண்டியது தொடர்ந்து தரும் எண்ணை. கிளம்பும் நொடிக்கு மட்டும் உச்ச எண்ணை.

மூன்றாவது, தாடை. ஃபிலிமை ஒட்டும் தாடை 150 டிகிரியை ஒட்டிச் சூடாக இருக்கும். ஒருங்கிணைந்த சர்வோவின் பலவீனமே சூடுதான். மின்னணு எல்லாம் மோட்டாரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறதே! பல மோட்டார்களுக்கு 40 டிகிரி வரைதான் முழுத் திறன். அதற்கு மேல் போனால் திறனைக் குறைத்துக் கணக்கிடச் சொல்வார்கள். மே மாத ஈரோட்டில், தகரக் கூரையின் கீழ், தாடைக்குப் பக்கத்தில்? வேண்டவே வேண்டாம். திறந்து மூடும் அந்த எளிய வேலைக்குக் காற்றில் இயங்கும் சிலிண்டரே தாராளம். மற்ற இரண்டையும்கூட நல்ல கனமான உலோகத் தகட்டில் பொருத்தவேண்டும். கேட்லாக்கில் உள்ள எண்கள் தகட்டில் பொருத்திச் சோதித்தவை. பிளாஸ்டிக் தாங்கியில் மாட்டினால் அவை செல்லாது.

கரன்ட் போய் வரும் ஊரில் ‘அப்சல்யூட்’ வகை என்கோடருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். கரன்ட் வந்ததும் தான் எந்த இடத்தில் நின்றோம் என்று அதற்குத் தெரியும். மற்ற வகை என்றால், ஒவ்வொரு தடவையும் தொடக்க இடத்தைத் தேடிப் போகவேண்டும். இன்னொன்று: மோட்டார் சடாரென்று நிற்கும்போது அது ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். அதை வாங்கிக் கரைக்க ஒரு ரெசிஸ்டர் இல்லாவிட்டால், பவர் சப்ளை காரணம் சொல்லாமல் அடிக்கடி அணைந்துபோகும்.

ரிப்பேர்தான் உண்மையான தலைவலி. மோட்டார் கருகினால் காயில் கட்டித்தரக் கோவையில் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறார்கள். ஆனால், ஒருங்கிணைந்த சர்வோ அவர்கள் கைக்கு அடங்காது. உள்ளே ஒரு சின்ன சில்லு போனாலும் பெரும்பாலும் முழு யூனிட்டையும் மாற்றவேண்டும். அதனால் ஃபிலிமுக்கும் தூளுக்கும் ஒரே மாடலாக வாங்கி, மூன்றாவதாக ஒன்றை அலமாரியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒன்றுக்குக் கொஞ்சம் பெரியதாகப் போனாலும் பரவாயில்லை. தாடைக்கு மோட்டார் வாங்காமல் மிச்சமான பணம் இதற்கு ஆகும். உள்ளே ஏற்றிய அமைப்புகளின் நகல் ஒன்றை பென்டிரைவில் எடுத்து, அதே அலமாரியில் வைக்கவேண்டும். அது இல்லாவிட்டால் புது மோட்டார் கையில் இருந்தும் இயந்திரம் ஓடாது.

கடைசியாக, டெமோ. விற்பவரின் ஏசி அறையில், வெறும் ரோலர் சுற்றுவதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டாம். தன் ஃபிலிமையும் தன் மிளகாய்த்தூளையும் கொடுத்து, மதியம் இரண்டு மணிக்கு, தன் ஷெட்டிலேயே நான்கு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லலாம். கையில் ஒரு தராசும் ஒரு ஸ்கேலும் இருந்தால் போதும்.