சாவி கொடுத்தாச்சு, கணக்கு எங்கே?



அக்காவும் மாமாவும் படூர்ல ஒரு பிளாட் வாங்கினாங்க. 1,050 சதுர அடி. பத்திரப்பதிவுக்கு முந்தின வாரம் பில்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு மெயில். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு மாசம் 3.50 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு மொத்தமா முன்பணம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. கார்பஸ் ஃபண்ட் சதுர அடிக்கு 50 ரூபாய் தனி. கூட்டினா 1,56,576 ரூபாய். கட்டினாதான் சாவி. மாமா பிஎஃப்ல இருந்து எடுத்துக் கட்டினார்.

இரண்டு வருஷம் ஓடிப்போச்சு. இப்போ மூணாவது வருஷத்துக்கு பில் வந்திருக்கு, சதுர அடிக்கு 4.25 ஆக ஏத்தி. ஏன் ஏறுச்சுன்னு கேட்டா "டேங்கர் தண்ணி, டீசல், செக்யூரிட்டி எல்லாம் ஏறிடுச்சு சார்". உண்மையாகவே ஏறியிருக்கலாம். ஓஎம்ஆர்ல லாரித் தண்ணி இல்லாம பொழுது விடியாத குடியிருப்பு நிறைய இருக்கு. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். போன இரண்டு வருஷத்து வரவு செலவைக் காட்டுங்க. அது மட்டும் வரவே இல்ல. 240 வீட்டோட கார்பஸ் 1 கோடியே 26 லட்சம். அது எந்த பேங்க்ல இருக்கு, வட்டி யாருக்குப் போகுது?

அந்த 18 சதவீதத்தையும் கொஞ்சம் பாருங்க. வீட்டுக்காரங்க சங்கமே வசூல் பண்ணினா, ஒரு வீட்டுக்கு மாசம் 7,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அக்கா கட்டுறது 3,675 தான். ஆனா வசூல் பண்ணுறது பில்டரோட கம்பெனி. லாப நோக்கமுள்ள கம்பெனிக்கு அந்த விலக்கு இல்ல. அதனால இரண்டு வருஷத்துல வரி மட்டும் 15,876 ரூபாய், கிட்டத்தட்ட நாலு மாச மெயின்டனன்ஸ். சங்கம் தள்ளிப்போற ஒவ்வொரு மாசமும் வீட்டுக்காரங்க பாக்கெட்ல ஓட்டை.

அந்த 7,500 வரம்பும் 2018 ஜனவரியில வச்சது, இன்னிக்கு வரைக்கும் நகரல. வரம்பைத் தாண்டினா முழுத் தொகைக்கும் வரின்னு 2019-ல மத்திய அரசு சுற்றறிக்கை விட்டுச்சு. கூடுதல் தொகைக்கு மட்டும்தான் வரின்னு சொல்ல 2021-ல சென்னை உயர் நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

சட்டம் இல்லையா? இருக்கு. 2016 ரெரா சட்டத்தோட 11-வது பிரிவுப்படி சங்கம் அமைய வழி செய்யுறது பில்டரோட கடமை. மாநிலச் சட்டம் வேற எதுவும் சொல்லலைன்னா, பாதிக்கு மேல வீடு புக் ஆன மூணு மாசத்துக்குள்ள. அதுவரைக்கும் "நியாயமான கட்டணம்" வாங்கி அவங்களே பராமரிக்கணும். நியாயம்னா எவ்வளவுன்னுதான் யாரும் சொல்லல. நம்ம மாநிலத்துலயும் 1994 சட்டத்தை மாத்தி 2022-ல புது அடுக்குமாடி உடைமைச் சட்டம் வந்து, 2024-ல அமலுக்கும் வந்தாச்சு. பேப்பர்ல எல்லாம் சரி. சங்கம் கையில கணக்கு வர்ற வரைக்கும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை பில்டர் வரவு செலவை ரெரா இணையதளத்துல ஏத்தணும்னு ஒரு விதி போட்டா போதும். பாதி சண்டை அங்கேயே முடிஞ்சிடும். இதை நம்ம சட்டமன்ற உறுப்பினர்கள் அவையில கேக்கணும்னு ஒரு தொண்டனா கேட்டுக்கிறேன்.

"பிளாட் வாங்குறவன் பிரச்சனை நமக்கு எதுக்கு?"ன்னு நம்ம குரூப்லயே ஒரு அண்ணன் கேட்டார். அண்ணே, இருபது வருஷ இஎம்ஐ கட்டுற மாமா பணக்காரர் இல்ல. பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புல மேல் மாடியில இருக்குற பாட்டிக்கும் இதே கதைதான். லிஃப்ட் நின்னா அவங்க வாழ்க்கை நிக்கும். அங்கேயும் பராமரிப்புக்குப் பணம் வாங்குறாங்க, அங்கேயும் கணக்கு வேணும்.

இன்னொண்ணு, நம்ம பக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மீட்டிங்ல செலவைக் குறைக்க முதல்ல வந்த யோசனை என்ன தெரியுமா? நைட் செக்யூரிட்டில ஒருத்தரை நிறுத்திடலாமாம். 12 மணி நேர டியூட்டி பாக்குற மனுஷன் அவர். கிளப் ஹவுஸ் ஏசியை யாரும் பேசல. நம்ம தோழர்கள் யாராவது அந்த மாதிரி மீட்டிங்ல இருந்தா, தயவுசெஞ்சு எழுந்து பேசுங்க. அதே மாதிரி கணக்கு கேட்டுட்டு இருக்கோம்னு மெயின்டனன்ஸையே நிறுத்திடாதீங்க. பங்கு கட்டுறது வீட்டுக்காரங்க கடமைன்னு அதே ரெரா சட்டம் 19-வது பிரிவு சொல்லுது. நிறுத்தினா முதல்ல சம்பளம் நிக்கிறது அந்த செக்யூரிட்டிக்கும் கூட்டுற அக்காவுக்கும்தான்.

கட்டுங்க, ரசீது வாங்குங்க, எழுத்துல கணக்கு கேளுங்க. தரலைன்னா ரெராவுல 31-வது பிரிவுல புகார் கொடுக்கலாம். அக்கா வீட்டுல 240 பேர்ல இதுவரைக்கும் 97 பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. மீதி பேர் வீட்டுக் கதவைத் தட்ட இந்த சனிக்கிழமை நானும் போறேன்.

உங்க குடியிருப்புல சதுர அடிக்கு எவ்வளவு, கடைசியா கணக்கு காட்டினது எப்போன்னு கீழே எழுதுங்க. தொகுத்து மாவட்ட அமைப்பாளர்கிட்ட கொடுக்கிறோம்.

- தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர், செங்கல்பட்டு மாவட்டம்

#கணக்கு_எங்கே